மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது? பொட்டாசியம் சேனல்கள் கூடுவதும் இடம் சேர்வதும்

பினாங்கின் பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையல்கட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அம்மா அலுமினியத் தாளைப் பிதுக்கி, கிளிக்லசைட் மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொள்ளும் சத்தம். தட்டில் இரண்டு தோசை காத்திருக்கும். முதலில் மாத்திரை, ஒரு மிடறு வெந்நீர், பிறகு தோசை. எங்கள் பக்கம் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவு அவருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

சென்ற மாதம் ஒரு காலை, மாத்திரையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, இது உள்ளே போய் எந்த இடத்தில் வேலை செய்கிறது?”

“கணையத்தில், அம்மா.”

“கணையத்தில் எங்கே?”

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர் அவர். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி, சிப்பில் அதற்கென்று இருக்கும் புள்ளியில்தான் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. ‘கணையத்தில்’ என்ற பதில் அவருக்குப் போதாது. ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கும் அது போதியிருக்கக் கூடாது.

கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நம்மவர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பினாங்கில் பல. அந்த மாத்திரை பற்றிப் பிடிப்பது எட்டுத் துண்டுகள் கூடி உருவான ஒரு புரதத்தை. அதன் நடுவில் இருப்பது ஒரு பொட்டாசியம் சேனல். எட்டுத் துண்டுகளும் ஒன்றையொன்று எப்படித் தேடிக்கொண்டன, சரியாகக் கூடாதவற்றை யார் தடுத்தது, கூடியது எப்படி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பாடநூல்கள் ‘அயனிக் கால்வாய்’ என்கின்றன. கால்வாய் என்றால் வெட்டிவிட்டபடி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. இதுவோ திறந்து மூடும் வாசல். அதனால் ‘சேனல்’ என்றே எழுதுகிறேன். பாடநூல்களிடம் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. உயிரணுச் சவ்வின் நடுவே ஒரு குழாயை வரைந்திருப்பார்கள், பிறந்ததிலிருந்து அது அங்கேயே இருந்ததைப் போல. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வளரும் மாணவர், சேனல் பழுதென்றால் துளை அடைத்துக்கொண்டது என்றே நினைப்பார். உண்மையில் பல நோய்களில் துளைக்கு ஒன்றும் ஆவதில்லை. துண்டுகள் கூடுவதில் அல்லது கூடியது போய்ச் சேர்வதில்தான் கோளாறு.

துளை யாருக்கும் சொந்தமில்லை

இரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். 3.5 முதல் 5 வரை இருந்தால் நல்லது. அலகு லிட்டருக்கு மில்லிமோல். உயிரணுவுக்கு உள்ளே அதே பொட்டாசியம் ஏறத்தாழ 140. உள்ளே நிறைந்திருப்பது வெளியே கசியப் பார்க்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியேற, உள்பக்கம் எதிர்மின்னூட்டம் மிகுகிறது. நரம்பு அமைதியாக இருப்பதும், இதயத்துடிப்பு ஒவ்வொன்றும் முடிந்து அடுத்ததற்கு ஆயத்தமாவதும் இந்தக் கசிவை ஆளும் சேனல்களால்தான்.

ஒரு சேனல் வழியாக நொடிக்குப் பல கோடி பொட்டாசிய அயனிகள் வரை ஓட முடியும். ஆனால் பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தை அது உள்ளே விடுவதில்லை. பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் இந்த வடிகட்டியின் இரகசியம் 1998-இல் வெளிப்பட்டது. ராடரிக் மெக்கின்னனின் குழு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் பொட்டாசியம் சேனலைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் படம் பிடித்தது. அதற்காக அவருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சூழ்ந்திருக்கும் ஆக்சிஜன்களுக்குப் பதிலாக, வடிகட்டியின் சுவரிலிருந்து நீளும் ஆக்சிஜன்கள் அதே தூரத்தில் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சோடியம் சிறியது, அந்த ஆக்சிஜன்களை அது எட்டிப் பிடிக்க முடிவதில்லை. நீரை விட்டுவிட்டு வர அதற்கு ஆதாயம் இல்லை.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அந்தச் சுவர் நான்கு துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் புரதச் சங்கிலி. இதைத் துணையலகு என்கிறோம். வடிகட்டியின் கால் பங்கை ஒவ்வொன்றும் கொண்டுவருகிறது. தனித் துணையலகு ஒன்றை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் துளை கிடையாது. நான்கும் வட்டமாகக் கூடி, நடுவில் விட்டுவைக்கும் வெற்றிடம்தான் துளை.

படம் கிடைப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1991-இல், இந்த நான்கு என்ற எண்ணை மெக்கின்னன் ஒரு கணக்கினால் கண்டுபிடித்திருந்தார். தேள் விஷத்திலிருந்து எடுத்த ஒரு நச்சு இந்தச் சேனல்களை அடைக்கும். நச்சு ஒட்டும் துணையலகையும் ஒட்டாத துணையலகையும் தெரிந்த விகிதத்தில் தவளை முட்டையில் கலந்து உற்பத்தி செய்யவைத்தார். எவ்வளவு மின்னோட்டம் தப்புகிறது என்று அளந்தார். எத்தனை துண்டுகள் கூடினால் அந்த விகிதம் வரும் என்று பார்த்தால், விடை நான்கு.

அவர் எடுத்துக்கொண்ட சேனலுக்கு ஷேக்கர் என்று பெயர். பழ ஈயை ஈதரில் மயக்கினால் சில ஈக்கள் மட்டும் கால்களை உதறிக்கொண்டே இருக்கும். அந்த ஈக்களில் பழுதான மரபணுவைத் தேடிப்போய் 1987-இல் பிடித்தார்கள். லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் ஆய்வகம் அதில் முன்னணியில் நின்றது. நாம் இன்று அறிந்திருக்கும் பொட்டாசியம் சேனல் மரபணுக்களுக்கெல்லாம் முதல் அடையாளம் அந்தக் கால் உதறல்தான். மனிதர்களிடம் இவ்வகை மரபணுக்கள் ஏறத்தாழ 80 உள்ளன. மின்னழுத்தம் மாறும்போது திறக்கும் கேவி வகை மட்டும் 40.

யார் யாரோடு சேரலாம்

ஒரே நரம்பணுவில் இத்தகைய துணையலகுகள் பத்துப் பதினைந்து வகை ஒரே சமயத்தில் உற்பத்தியாகலாம். எல்லாம் ஒரே சவ்வில் மிதக்கின்றன. கண்டபடி சேர்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அப்படி நடப்பதில்லை. கேவி 1 குடும்பத்தைச் சேர்ந்தவை தமக்குள் சேரும். கேவி 2 குடும்பத்தோடு சேரா. பிரித்தறிவது சங்கிலியின் தொடக்கத்தில், உயிரணுவின் உள்பக்கமாகத் தொங்கும் ஒரு பகுதி. அதன் பெயர் டி 1. நான்கு டி 1 பகுதிகள் முகத்தோடு முகம் பொருந்தி ஒரு வளையமாகின்றன. வேறு குடும்பத்தின் டி 1 வந்தால் முகங்கள் பொருந்துவதில்லை. கேவி 2, 3, 4 குடும்பங்களில் அந்த முகங்களின் நடுவே துத்தநாக அயனி ஒன்று பொத்தான் போல மாட்டிக்கொண்டிருக்கிறது. கேவி 1-இல் அது இல்லை.

இந்த அடையாளம் பார்த்தல் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு. புரதச் சங்கிலி ரைபோசோமில் தலைப்பக்கத்திலிருந்து கோக்கப்படுகிறது. டி 1 தலைப்பக்கம் இருப்பதால் அது முதலில் வெளியே வந்துவிடும். சவ்வைத் துளைத்து நிற்கவேண்டிய பகுதிகள் இன்னும் கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கேரல் டாய்ட்ஷின் ஆய்வகம் 2001-இல் காட்டியது இதுதான்: வால் இன்னும் ரைபோசோமில் சிக்கியிருக்கும்போதே, பக்கத்துச் சங்கிலிகளின் டி 1 பகுதிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. சரடு முழுதாகக் கட்டி முடியும் முன்பே பூக்காரம்மா அடுத்த சரடை அதோடு முடிந்துவிடுவதைப் போல.

ஒரே குடும்பத்துக்குள் கலப்பு உண்டு என்பது 1990-இல் தெரிந்தது. நம் மூளையில் கேவி 1.1, 1.2, 1.4 மூன்றும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து கூடுகின்றன. ஒவ்வொரு கலப்பும் சற்று வேறுபட்ட வேகத்தில் திறக்கிறது, மூடுகிறது. சில மரபணுக்களிலிருந்து பலவகைச் சேனல்கள் கிடைப்பது இப்படித்தான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் புரியவைக்க வகுப்பில் ஒரு கணக்குப் போடுவேன். ஒருவருக்குத் தாயிடமிருந்து வந்த மரபணு நல்லது, தந்தையிடமிருந்து வந்தது பழுது என்று வைத்துக்கொள்வோம். துணையலகுகளில் பாதி நல்லவை, பாதி பழுது. பழுதானதும் டி 1-ஐச் சரியாகவே கொண்டிருந்தால் அதுவும் கூட்டத்தில் சேர்ந்துவிடும். நான்கு இடங்களும் நல்லவையாகவே அமைய என்ன வாய்ப்பு? பாதியைப் பாதியால் நான்கு முறை பெருக்கினால் பதினாறில் ஒன்று. ஒரு பழுதான துண்டே வாசலைக் கெடுத்துவிடும் என்றால், நல்ல மரபணு முழுதாக இருந்தும் பதினாறில் பதினைந்து சேனல்கள் வீண்.

இப்போது வேறொரு பழுதை எண்ணிப் பாருங்கள். சங்கிலி பாதியிலேயே அறுந்து, டி 1 கூட உருவாகவில்லை. அந்தத் துண்டு யாரோடும் சேராது. நல்லவை தமக்குள் கூடிக்கொள்ளும். சேனல்கள் பாதியாகக் குறையும், அவ்வளவுதான். மோசமாகச் சிதைந்த புரதம் குறைந்த தீங்கு செய்கிறது. ஓர் எழுத்து மட்டும் மாறி, கூட்டத்தில் சேரும் தகுதியோடு இருப்பது பெருந்தீங்கு செய்கிறது. மாணவர்கள் இதை முதலில் நம்பமாட்டார்கள். வெள்ளைப் பலகையில் பதினாறு வட்டங்கள் வரைந்த பிறகே தலையசைப்பார்கள்.

இந்தக் கணக்குக்கு உயிருள்ள சான்று உண்டு. பிறந்து இரண்டு மூன்று நாளில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். கேசிஎன்கியூ 2 என்ற துணையலகு அதற்குக் காரணமாகலாம் என்று 1998-இல் தெரிந்தது. அது கேசிஎன்கியூ 3-உடன் கூடி, நரம்பணு மிகையாகக் கிளர்ந்தெழாமல் பிடித்துவைக்கிறது. ஒரு பிரதி செயலிழந்து மின்னோட்டம் கால் பங்கு குறைந்தாலே வலிப்பு வரும். ஆனால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களில் அதிலிருந்து மீண்டு இயல்பாக வளர்வார்கள். அதே மரபணுவில், கூட்டத்தோடு சேர்ந்து மற்றவற்றையும் கெடுக்கும் மாற்றம் நேர்ந்தால் வேறு கதை: கடுமையான வலிப்பும் வளர்ச்சிக் குறைபாடும். இரண்டு வீடுகளின் வாழ்க்கையைப் பிரிப்பது, பழுதான துண்டு கூட்டத்தில் சேர்ந்ததா இல்லையா என்பதுதான்.

மறைந்தால்தான் விடுதலை

அம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். கணையத்தின் பீட்டா உயிரணுவில் இருக்கும் சேனலுக்குக் கே-ஏடிபி என்று பெயர். துளையை அமைக்கும் கிர் 6.2 துணையலகுகள் நான்கு. அவற்றைச் சுற்றி வெளிவட்டமாகச் சர் 1 என்னும் பெரிய துணையலகுகள் நான்கு. ஆக எட்டு. நாம் சாப்பிட்ட பிறகு இரத்தச் சர்க்கரை ஏறும். பீட்டா உயிரணு அதை எரித்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பெருக்கும். ஏடிபி கிர் 6.2-இல் ஒட்டினால் வாசல் மூடும். பொட்டாசியம் வெளியேறுவது நிற்க, மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியேறும். கிளிக்லசைட் சர் 1-ஐப் பிடித்து அதே வாசலை மூடுகிறது. சர்க்கரை கொடுக்கவேண்டிய சைகையை மாத்திரை கொடுக்கிறது.

கிர் 6.2-ஐ மட்டும் ஓர் உயிரணுவில் உற்பத்தி செய்யவைத்தால் வெளிச்சவ்வில் அது தென்படாது. சர் 1-ஐ மட்டும் உற்பத்தி செய்தாலும் அப்படியே. இரண்டும் இருந்தால்தான் இரண்டும் வெளியே வருகின்றன. 1997-இல் ஒரு புதிர் கிடைத்தது: கிர் 6.2-இன் வாலில் கடைசி 26 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டால், சர் 1 இல்லாமலேயே அது வெளிச்சவ்வை அடைகிறது! வாலில் ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைத்திருந்தது என்று பொருள்.

1999-இல் ஜான் தம்பதியின் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. ஆர்ஜினின், லைசின், ஆர்ஜினின் என்று மூன்றே அமினோ அமிலங்கள். புரதங்கள் பிறந்து மடியும் இடமான எண்டோபிளாச வலையின் காவல்காரர்களுக்கு அது ‘இன்னும் முடியவில்லை, திருப்பி அனுப்பு’ என்ற குறி. கிர் 6.2-இலும் அந்தக் குறி இருக்கிறது, சர் 1-இலும் இருக்கிறது. எட்டுத் துண்டுகளும் சரியாகக் கூடும்போதுதான் எல்லாக் குறிகளும் மறைகின்றன. ஒரு துண்டு குறைந்தாலும் எங்கோ ஒரு குறி வெளியே தெரியும். அது போதும், மொத்தமும் திரும்பி வந்துவிடும்.

இதைச் சொன்னபோது அம்மா மாத்திரையை மறந்துவிட்டார். தொழிற்சாலையில் பொருளைச் சோதிப்பவர் பொருளுக்கு வெளியே இருப்பார். அம்மா தட்டை வாங்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, கம்பி விலகியிருந்தால் சிவப்பு மையால் புள்ளி வைப்பார். உயிரணுவில் அந்தச் சிவப்புப் புள்ளி பிறக்கும்போதே ஒவ்வொரு துண்டிலும் வைக்கப்பட்டிருக்கிறது. சோதிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, எட்டு என்ற எண்ணைத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பொருத்தம் சரியானால் புள்ளி தானே மூடிக்கொள்கிறது. “அப்படியானால் கண் வலிக்காது” என்றார் அம்மா.

வெளியேறுவதற்கு உதவும் குறிகளும் உண்டு. கிர் 2.1-இன் வாலில் ஒரு சிறு தொடர், ‘சீக்கிரம் ஏற்றி அனுப்பு’ என்பதைப் போல வேலை செய்கிறது. கேவி 1.1-ஓ துளைப்பகுதியிலேயே பிடித்துவைக்கும் குறியைச் சுமந்திருப்பதால், தனியாக இருந்தால் வலையிலேயே தேங்கும், கேவி 1.4-உடன் கலந்தால் வெளியே வரும். எந்தக் கலப்பு வெளிச்சவ்வில் மிகுந்திருக்கும் என்பதை இந்தக் குறிகளின் கூட்டல் கழித்தல் முடிவு செய்கிறது.

சில குழந்தைகளுக்குச் சர் 1-இல் நேரும் மாற்றத்தால் எட்டுத் துண்டுக் கூட்டம் வலையை விட்டு வெளியேற முடியாமல் போகிறது. பீட்டா உயிரணுவின் வெளிச்சவ்வில் வாசல் இல்லை என்றால், அது எப்போதும் மூடியிருப்பதற்குச் சமம். சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். ஆய்வகத்தில் அத்தகைய சர் 1 சிலவற்றுக்கு, கிளிக்லசைட் சேர்ந்த அதே சல்பொனைல்யூரியா வகை மருந்தைக் கொடுத்தால், மருந்து ஒட்டியதால் மடிப்பு நிலைத்து, கூட்டம் வெளியே வந்துவிடுகிறது என்று 2004-இல் காட்டினார்கள். வாசலை அடைக்கும் மருந்தே வாசலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எளிதில் கழன்றுவிடும் வகை மருந்தானால், கழுவிய பிறகு வாசல் திறந்து வேலை செய்கிறது.

எதிர்த்திசைக் கோளாறும் உண்டு. கிர் 6.2 ஏடிபிக்கு மூடாமல் திறந்தே கிடந்தால், பிறந்த சில மாதங்களில் நீரிழிவு. 2006-இல் வெளியான ஆய்வில் அத்தகைய 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு இதே வகை மாத்திரைக்கு மாறினார்கள். எந்தத் துண்டில் எந்தப் பழுது என்று தெரிந்துகொண்டதால் ஊசி நின்றது. அறிவியல் வீட்டுக்குள் வந்து நிற்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

இதயத்தின் இளஞ்சிவப்புத் தாள்

நீரிழிவு உள்ளவர்களுக்கு கிளினிக்கில் அவ்வப்போது இசிஜி எடுப்பார்கள். அம்மாவின் தாள் ஒன்று என் மேசையில் இருக்கிறது. இளஞ்சிவப்புக் கட்டங்கள், தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடியது, ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. கியூ என்ற சிறு பள்ளத்தின் தொடக்கத்திலிருந்து டி என்ற மேட்டின் முடிவு வரை அளவுகோல் வைத்து எண்ணினேன்: பத்துக் கட்டங்கள், 0.40 நொடி. நல்ல அளவு. அந்த டி மேடுதான் இதயத்தசை பொட்டாசியத்தை வெளியே விட்டு அமைதிக்குத் திரும்பும் நேரம்.

அதைச் செய்யும் முக்கியச் சேனல்களில் ஒன்று ஹெர்க். இதுவும் நான்கு துண்டுகள். இதுவும் ஈதரில் கால் உதறிய வேறொரு வகை ஈயின் வழியாக வந்த பெயர். 1995-இல், கியூ-டி இடைவெளி நீண்டு திடீரென்று துடிப்பு தடுமாறும் பரம்பரை நோயின் ஒரு வகை ஹெர்க்கின் பழுதால் வருகிறது என்று கண்டார்கள். பழுது துளையில்தான் என்று அன்று பலர் எண்ணியிருப்பார்கள். நோயாளிகளிடம் கண்ட மாற்றங்களை நூற்றுக்கும் மேல் எடுத்துச் சோதித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு வேறு விடை தந்தது. ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் பழுதுகளில் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமாக, சேனலை வெளிச்சவ்வுக்கே வரவிடாமல் செய்பவை. அவற்றில் சில, உயிரணுக்களைக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தால் வெளியே வந்து ஓரளவு ஒழுங்காக வேலை செய்கின்றன. வாசல் நல்ல வாசல். மடிப்பில் சிறு தயக்கம். அதனால் வலை அதை விடவில்லை.

மருந்துகள் ஹெர்க்கின் துளையை அடைக்கலாம் என்பதும் கசப்பாகக் கற்ற பாடம். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் இதனால் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று புதிய மருந்துகள் பெரும்பாலும் ஹெர்க் சோதனையைத் தாண்டியே வருகின்றன. ஆனால் பென்டமிடின், ஆர்செனிக் டிரையாக்சைடு போன்றவை துளையை அடைப்பதைவிட, புதிய ஹெர்க் வெளிச்சவ்வை அடைவதைத் தடுக்கின்றன. நிமிடக் கணக்கில் மின்னோட்டத்தை மட்டும் அளந்தால் இந்தத் தீங்கு கண்ணில் படாது. பழைய சேனல்கள் தேய்ந்து, புதியவை வராமல், மணிக்கணக்கில்தான் அது வெளிப்படும். கூடுவதையும் போய்ச் சேர்வதையும் வெறும் அடிப்படை ஆய்வு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் காட்டும் சான்று இது.

ஒரே துளை, வேறு துணை, வேறு ஊர்

இதயத்தில் இன்னொரு சேனல் கேசிஎன்கியூ 1. இது தனியாகவும் கூடும். ஆனால் கேசிஎன்இ 1 என்ற சின்னத் துணைப்புரதம் பக்கத்தில் வந்து நின்றால், மிக மெதுவாகத் திறக்கும் இதயச் சேனலாகிறது. 1996-இல் இந்த இணையைக் கண்டறிந்தார்கள். இதே இணை உட்செவியில் திரவத்துக்குப் பொட்டாசியத்தைச் சுரக்கிறது. அதனால்தான் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற குழந்தைக்குக் காதும் கேட்காது, இதயமும் தடுமாறும். 1957-இல் நார்வேயில் ஒரு குடும்பத்தில் இந்த இரட்டைத் துயரத்தை மருத்துவர்கள் பதிவு செய்தபோது, காதுக்கும் இதயத்துக்கும் என்ன உறவு என்று யாருக்கும் தெரியாது. பெருங்குடலில் அதே கேசிஎன்கியூ 1-க்குக் கேசிஎன்இ 3 துணை. அங்கே வாசல் மெதுவாகத் திறப்பதில்லை, திறந்தே இருக்கிறது.

நரம்பில் இடம் இன்னும் நுணுக்கமாகிறது. முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதைச் சுற்றி மையலின் உறை. இடையிடையே உறையில்லாத கணுக்கள். சமிக்ஞை கணுவுக்குக் கணு தாவும். கேவி 1.1-உம் 1.2-உம் கணுவில் இருப்பதில்லை. அதை ஒட்டி உறைக்கு அடியில் ஒளிந்து வரிசையாக நிற்கின்றன. கேஸ்பர் 2 என்ற புரதம் அவற்றை அங்கே நங்கூரமிடுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் கேஸ்பர் 2-ஐத் தாக்கினால் தசைகள் ஓயாமல் துடிக்கும். மையலின் சிதையும் நோயில், ஒளிந்திருந்த கேவி 1 சேனல்கள் வெளிப்பட்டுச் சமிக்ஞையைக் கசியவிடுகின்றன. அவற்றை அடைக்கும் மருந்து ஒன்று நோயாளிகள் சிலரின் நடையை மேம்படுத்துகிறது. 2010-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கேசிஎன்கியூ 2, 3 நிற்பது ஆக்சான் தொடங்கும் இடத்தில். அங்கேதான் சமிக்ஞை பிறக்கிறது. சோடியம் சேனலைப் பிடித்துவைக்கும் அதே ஆங்கிரின்-ஜி புரதம் இவற்றையும் பிடித்துவைக்கிறது. எரியவிடுவதும் அணைப்பதும் ஒரே கொக்கியில்.

கேவி 2.1 மட்டும் என்னைக் குழப்பிக்கொண்டே இருக்கும். நரம்பணுவின் உடலில் அது கொத்துக் கொத்தாகக் கூடுகிறது. கொத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை மின்னோட்டமே விடுவதில்லை. எண்டோபிளாச வலையை வெளிச்சவ்வோடு அருகருகே தைத்துவைப்பதுதான் அவற்றின் வேலை. வாசலாகப் பிறந்து, தையலாக வாழும் சேனல்.

இனி அம்மாவின் கேள்விக்கு நேரடிப் பதில் சொல்ல முடியும். மாத்திரை இரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் கால்விரலுக்கும். இதயத்தசையிலும் கே-ஏடிபி சேனல் இருக்கிறது, அதே கிர் 6.2 துளையோடு. ஆனால் அங்கே துளையைச் சுற்றி நிற்பது சர் 1 அன்று, சர் 2-ஏ. கிளிபென்கிளமைட் இரண்டையும் பிடிக்கும். கிளிக்லசைட் சர் 1-ஐத்தான் பெரிதும் தேடிப் பிடிக்கும். மருந்துக்கு முகவரி தெரியாது. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு கூடியது என்பதே அதற்கு முகவரி.

அம்மா மாத்திரையை விழுங்கி, தோசையில் கை வைத்தார். பாதி தோசை முடிந்த பிறகு இன்னொரு கேள்வி வந்தது. “புள்ளி மறையாத துண்டுகளை என்ன செய்வார்கள்?”

வலையிலிருந்து வெளியே இழுத்து, ஒரு சின்னப் புரதத்தை அடையாளமாக ஒட்டி, புரோட்டியசோம் என்ற உருளைக்குள் செலுத்தித் துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள், அமினோ அமிலங்களை அடுத்த சங்கிலிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

“எங்களுக்குச் சிவப்புத் தொட்டி” என்றார். “ஷிஃப்ட் முடியும்போது அதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.”